தானே நடந்த பாயச வாளி

விசாலாட்சி அம்மாளின் புகார் வந்தபோது வீடியோக் காப்பகத்தில் யாரும் அதை நம்பவில்லை. கல்யாண வீடியோவில் பாயச வாளி தானாக நடக்கிறது என்று ஒருவர் புகார் கொடுத்தால் எப்படி நம்புவார்கள்?

அவரும் அவர் கணவர் தெய்வேந்திரனும் கல்யாணம் செய்து நாற்பது வருடம் நிறைந்ததென்று எல்லிஸ் நகர் வீட்டில் சொந்தபந்தங்களைக் கூட்டியிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பழைய கல்யாண வீடியோவைச் சுவர் முழுக்க ஓடவிட்டார்கள். தாலி கட்டி முடிந்து பந்திக் காட்சி வந்தது. அப்போது ஒரு பித்தளை வாளி, பிடிக்க ஆளில்லாமல், இலை இலையாக வந்து நின்றது. கரண்டி தானே எழுந்து பாயசத்தை ஊற்றியது. ஒரு பெரியவர் போதும் என்று இலைக்கு மேல் கையை மறித்தார். வாளி கொஞ்சம் பொறுத்திருந்து, கை விலகியதும் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் நகர்ந்தது. பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். நாத்தனார் மட்டும், இந்தக் கல்யாணத்தில் ஏதோ கோளாறு இருக்கிறதென்று தனக்கு அன்றைக்கே தோன்றியதாகச் சொன்னார். விசாலாட்சிக்குப் பேயைப் பற்றிக் கவலையில்லை. நாத்தனார் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மதுரையில் அந்தக் காப்பகத்தை நடத்துவது ஓர் அறக்கட்டளை. பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் கேசட்டுகளையும் குறுந்தகடுகளையும் மக்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். காப்பகம் அவற்றைத் துடைத்து, உள்ளே இருப்பவர்கள் யார் யார் என்று கண்டுபிடித்து, தலைமுறைக்கும் கெடாமல் வைத்திருப்பதாக வாக்குக் கொடுக்கும். இந்த வேலைக்கு மூன்று மென்பொருள்கள் இருந்தன. மூன்றையும் மூன்று காலத்தில் மூன்று கம்பெனிகளிடம் வாங்கியதால் ஒன்றோடு ஒன்று பேசாது. ஊழியர்கள் அவற்றுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். படத்திலுள்ள புள்ளி, கீறல், அழுக்கையெல்லாம் வெளுத்து எடுப்பதற்குச் சலவை என்று பெயர். முகங்களைப் பார்த்து, இவர் பெண் வீடு, இவர் மாப்பிள்ளை வீடு, இவருக்கு அவர் பெரியப்பா என்று உறவு கண்டுபிடிப்பது தரகர். ஒரே பொருள் இரண்டு இடத்தில் கிடந்தால் ஒன்றை எறிந்து இடத்தை மிச்சம் பிடிப்பது கஞ்சன்.

இந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தவள் மங்கையர்க்கரசி. தொழில்நுட்பப் பிரிவின் தலைவி. ஐம்பது வயது, எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் சுபாவம், சிரிப்பில் மட்டும் சிக்கனம். அவள் செய்த இணைப்புக்கு ஊழியர்கள் கூட்டுக்குடும்பம் என்று பெயர் வைத்தார்கள். முன்பெல்லாம் ஒரு கேசட்டைச் சலவையிலிருந்து எடுத்துத் தரகரிடம் கொடுத்து, தரகர் சொன்னதைக் குறித்துக்கொண்டு கஞ்சனிடம் போய் நின்று வேலை முடிய ஒரு வாரம் ஆகும். இப்போது காலையில் கேசட்டைப் போட்டுவிட்டுக் காபி குடித்துத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இயக்குநர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். அடுத்த மாதம் நாலாவதாக ‘அழைப்பு’ என்ற மென்பொருளையும் சேர்ப்பதாக இருந்தார்கள். ஒரு வீட்டில் விசேஷம் வந்தால், காப்பகத்தில் பதிவான சொந்தக்காரர்களையெல்லாம் தேடி அதுவே பத்திரிகை அனுப்பிவிடும்.

இந்த வேகத்துக்காக மங்கை ஒரே ஒரு படியைத்தான் எடுத்தாள். கஞ்சன் பழையதை அழிப்பதற்கு முன்னால் மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்த்து, ‘பார்த்தேன், சரி’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதனால் தாமதம் என்று அறிக்கை எழுதி அதை நீக்கினாள். காப்பகத்தில் ஏற்கெனவே இருந்த வீடியோக்களையும் புது இணைப்பில் மறுபடி ஓடவிட்டாள்.

புகார் வந்ததும் அவளும் தஸ்தகீரும் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். சலவையைப் பராமரிப்பவர் தஸ்தகீர். அவளைவிட இரண்டு வயது மூத்தவர், எந்த விபத்தையும் வேடிக்கையாகப் பார்க்கத் தெரிந்தவர். வாளி வந்ததும் அவர் சிரித்துவிட்டார். மங்கை சிரிக்கவில்லை. வாளி நாலு அடி நேராக வந்து, ஐந்தாவது அடியில் இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி நேராகி வந்தது. அந்தத் தாழ்வு அவளுக்குத் தெரிந்த தாழ்வு. சின்ன வயதிலிருந்து வாசலில் செருப்புச் சத்தமாகக் கேட்டது.

“மத்த கேசட்டுலயும் இப்படி இருக்கா பாய்?” என்று கேட்டாள்.

தஸ்தகீர் சலவையின் பதிவைத் திறந்து பார்த்தார். நானூறு சொச்சம் கல்யாணங்களில் ஒரே கறையை நீக்கியதாக அது பெருமையாக எழுதி வைத்திருந்தது. கறையின் உயரம் ஐந்தரை அடி.

“சலவை மேல தப்பில்ல மேடம். அதுக்குத் தெரிஞ்சது ஒரே விதி. நெறைய கேசட்ல திரும்பத் திரும்ப வந்து, எந்த வீட்டுக்கும் சொந்தமில்லன்னா அது கறை. லென்ஸ் தூசி, ஸ்டூடியோ முத்திரை எல்லாம் அப்படித்தான போகுது.”

“ஆளும் தூசியும் ஒண்ணா? சமையக்காரர், நாதஸ்வரக்காரரெல்லாம் அழியலையே.”

“அவங்களுக்குத் தொழில்னு ஒரு கட்டம் வச்சிருக்கோம். இவரு எந்தக் கட்டத்துலயும் இல்ல. முன்னாடின்னா, தரகர் ‘உறவு தெரியல’ன்னு சொன்னா அது நம்மகிட்ட வந்து நிக்கும். நாம பாத்து, மனுசன்தான், விட்ருன்னு சொல்லுவோம். இப்பத் தரகர் நேரா சலவை காதுல சொல்லிருது. சலவை அழிச்சிட்டுக் கஞ்சன்கிட்டக் குடுத்துருது. கஞ்சன் பழசத் தூக்கி எறிஞ்சிருது. மூணும் ரொம்ப ஒத்துமையா இருக்குதுங்க மேடம். நடுவுல கேக்கத்தான் ஆளில்ல.”

அப்புறம் அவருக்கே யாரென்று ஞாபகம் வந்தது. ‘பார்த்தேன், சரி’ பொத்தான் இருந்த காலத்தில் எல்லாரும் பார்த்துப் பார்த்துச் சிரித்த ஆள். எந்த மண்டபம், எந்தச் சாதிக் கல்யாணம் என்றாலும் ஜரிகைத் துண்டோடு வந்து நிற்பார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீடு என்று நினைத்து வணங்குவார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்து நாற்காலி போடுவார்கள். ஊழியர்கள் அவருக்கு நிரந்தர விருந்தாளி என்று பெயரே வைத்திருந்தார்கள். அவர் திரையில் வரும்போதெல்லாம் மங்கை மட்டும் மேசை இழுப்பறையில் எதையாவது தேடிக்கொண்டிருப்பாள் என்பதையும் தஸ்தகீர் நினைத்துப் பார்த்தார். 

மங்கை தன் கல்யாண வீடியோவைத் திறந்தாள். காப்பகத்தில் சேர்ந்த புதிதில் சோதனைக்காகப் போட்டு வைத்தது. ஊரார் வீட்டு உறவுமுறையையெல்லாம் நிரப்பச் சொல்லிப் பாடம் எடுத்தவள், தன் வீட்டுப் பக்கத்தை நிரப்பாமலே விட்டிருந்தாள். தாரை வார்க்கும் இடம் வந்தது. அவள் கை, கீழே தாங்க யாருமில்லாமல் காற்றில் கிடந்தது. அம்மா அந்தக் காற்றின் மேல் செம்பிலிருந்து தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது உங்க கல்யாணமாச்சே” என்றார் தஸ்தகீர்.

“அவர் எங்கப்பா, பாய்.”

தஸ்தகீர் காட்சியை நிறுத்தினார். “நானூறு இடத்துல கறைன்னு முடிவான பொறகு, நானூத்தி ஒண்ணாவது இடத்துல அப்பாவா இருக்க முடியாதுன்னு நெனச்சிருச்சு போல” என்று மெதுவாகச் சொன்னார். அவர் எப்போதும் சொல்வதுபோல் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அவருக்கே சங்கடமாகிவிட்டது.

அவள் அப்பா பெயர் பரங்குன்றம். கீழமாரட் வீதியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. நடக்கும்போது நாலு அடிக்கு ஒரு தடவை இடது கால் தாழ்ந்து எழும். மனைவி வேறு சாதி. இரண்டு பேரும் யாரிடமும் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டதால், இரண்டு பக்கத்துச் சொந்தமும் தலைமுழுகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகைகூட வந்ததில்லை. அவருக்கோ கல்யாணம் என்றால் உயிர். பத்திரிகை வராவிட்டால் என்ன, மேளச் சத்தம் வருகிறதே என்று கிளம்பிவிடுவார். முகூர்த்த நாளென்றால் விடியற்காலையில் குளித்து, ஜரிகைத் துண்டைப் போட்டுக்கொண்டு, தல்லாகுளம் பக்கமோ தெற்குவாசல் பக்கமோ எந்த மண்டபத்தில் வாழைமரம் தெரிகிறதோ அதற்குள் நுழைந்துவிடுவார். நீங்கள் எந்தப் பக்கத்து ஆள் என்று யாராவது கேட்டால் அவரிடம் ஒரே பதில் உண்டு. “இலை காலியா இருக்குல்ல, மொதல்ல அதப் பாப்போம்.”

பள்ளிக்கூடத்தில் மங்கைக்குப் பந்திப் பரங்குன்றத்தின் மகள் என்று பெயர். ‘உங்கப்பாவ எங்க சித்தி கல்யாணத்துல பாத்தேன்’ என்று யாராவது ஆரம்பித்தாலே அவளுக்குக் காது சூடாகிவிடும். ஓசிச் சாப்பாட்டுக்கு அலைகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள். அவர் மத்தியானம் வீட்டுக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து மறுபடியும் சோறு சாப்பிடுவதைப் பார்த்து, அங்கே சாப்பிட்டது பத்தவில்லையா என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே தட்டைப் பார்ப்பார். அவர் செத்து ஏழு வருடம் ஆகிறது. அந்தப் பொத்தானை எடுத்தது தாமதத்துக்காக மட்டுமில்லை என்பது மங்கைக்குத் தெரியும். யாரும் உட்கார்ந்து பார்க்காவிட்டால் யாரும் சிரிக்கவும் மாட்டார்கள் அல்லவா? அதை அவள் அறிக்கையில் எழுதவில்லை.

இதை இப்போது தஸ்தகீரிடம் சொன்னாள்.  அவர் எழுந்துபோய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

டீ குடிக்கும்போதுதான் அவருக்குக் கறைப்பெட்டி நினைவுக்கு வந்தது. சலவை எடுக்கும் எந்த அழுக்கையும் கஞ்சன் உடனே எறிவதில்லை, கொஞ்ச நாள் ஓர் ஓரத்தில் சேர்த்து வைக்கும். வரும் வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டியைக் காலி செய்யும் முறை. அன்றைக்குத் திங்கட்கிழமை.

அவர்கள் கறைப்பெட்டியைத் திறந்தார்கள். சிக்கனத்தில் ஊறிய கஞ்சன், நானூறு கல்யாணத்துக் கறையும் ஒன்றே என்று கண்டு, எல்லாத் துண்டுகளையும் ஒரே படமாக ஒட்டி வைத்திருந்தது. மண்டபம் இல்லை, மணமக்கள் இல்லை, கூட்டம் இல்லை. வெறும் சாம்பல் நிறப் பின்னணியில் ஒரே ஒரு மனிதர், இளைஞராக ஆரம்பித்துத் தலை நரைக்கும்வரை, கல்யாணம் கல்யாணமாக நடந்துகொண்டிருந்தார். இல்லாத நாற்காலிகளை இழுத்துப் போட்டார். இல்லாத கிழவியைக் கைத்தாங்கலாக மேடைக்கு ஏற்றினார். இல்லாத குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டினார். தாலி கட்டும் நேரம் வந்தபோதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும்.

மணிக்கணக்கில் ஓடும் படம். பாதி நாள் பார்த்த பிறகு மங்கை கேட்டாள்.

“பாய், இவரு சாப்பிடுற மாதிரி எங்கயாச்சும் வந்துச்சா?”

தஸ்தகீர் தரகரிடம் கேட்டுத் தேடினார். பரிமாறுகிறார், இலை போடுகிறார், தண்ணீர் ஊற்றுகிறார், எச்சில் இலையைக்கூட எடுக்கிறார். பந்தியில் உட்கார்ந்த காட்சி ஒன்று இருந்தது. அது மங்கையின் கல்யாணம்; அவள் வீடியோவோடு சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா நிற்கக் கூடாதென்று யாரோ தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்திருக்கிறார்கள். அவர் இலையைப் பார்க்காமல், அடுத்த வரிசையில் யாருக்கோ பாயசம் வரவில்லை என்பதையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மங்கை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை வருடமும் அவரைத் தப்பாக நினைத்ததற்கு அழுதாள். அம்மாவை விட்டுவிட்டு விருந்துச் சாப்பாடு சாப்பிட மனசில்லாமல் பசியோடு வீட்டுக்கு வந்த மனிதரிடம், பத்தவில்லையா என்று கேட்டதற்கு அழுதாள். தஸ்தகீர் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே போகிற ஷேர் ஆட்டோக்களை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய சொந்த வீடியோவைச் சரிசெய்வது ஒரு நிமிட வேலை. ‘பெண்ணின் தந்தை’ என்று நிரப்பினாள், அவர் வந்துவிட்டார். பட்டுச் சட்டையில் விறைப்பாக, யாருடைய உடுப்பையோ போட்டுக்கொண்டவர் மாதிரி இருந்தார். அவள் அப்பா அதில் அதிகம் இல்லை. அவர் முழுசாக இருந்தது ஊரார் கல்யாணங்களில்தான். அவற்றில் யாராவது ஒரு பக்கத்தார் அவரை உறவென்று சொன்னால்தான் திரும்ப வைக்க முடியும். குடும்பத்துப் படங்கள் குடும்பத்தின் சொத்து, அவர்கள் சொல்லாமல் காப்பகம் யாரையும் சேர்க்கக் கூடாதென்பது அறக்கட்டளையின் விதி. விஷயத்தைக் கேட்ட இயக்குநர் எளிதான வழி ஒன்று சொன்னார். வாளி தானாக நடப்பதுதானே புகார், வாளியையும் அழித்துவிட்டால் போகிறது. மங்கை வெள்ளிக்கிழமை வரை அவகாசம் மட்டும் வாங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை எல்லாக் குடும்பங்களுக்கும் அவர் படத்தை அனுப்பி, இவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள். பதில்கள் மளமளவென்று வந்தன. பெண் வீட்டார் எல்லாரும் அவர் மாப்பிள்ளை வீடு என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் அவர் பெண் வீடு என்றார்கள். சிலர், நல்ல மனுசர், அவர்கள் பக்கத்திலேயே உருப்படியான ஒரே ஆள் என்று பாராட்டும் எழுதியிருந்தார்கள். தன் வீட்டு ஆள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. புதன்கிழமையும் அப்படியே போனது.

வியாழக்கிழமை காலையில், அனுப்பிய படத்தைத் திறந்தே பார்க்காத விசாலாட்சி அம்மாள் கணவரோடு நேரிலேயே வந்துவிட்டார். பேய்க்கு என்ன வழி செய்தீர்கள் என்று கேட்கத்தான் வந்தார். மங்கை கறைப்பெட்டியிலிருந்து அவர்கள் கல்யாணத்துத் துண்டை எடுத்துக் காட்டினாள்.

“அட, இவரு இவங்க சின்ன மாமால்ல!” என்றார் விசாலாட்சி.

“என்னது, எங்க மாமாவா? உங்கப்பா அனுப்புன ஆளு” என்றார் தெய்வேந்திரன்.

அப்புறம் கதை வெளியே வந்தது. அன்றைக்கு மாப்பிள்ளையின் தாய்மாமனை வாசலில் யாரும் சரியாக வரவேற்கவில்லையாம். அவர் கோபித்துக்கொண்டு, கல்யாணமே வேண்டாமென்று மொத்தச் சனத்தையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்த மனிதர்தான் தெருமுனைவரை நொண்டி நொண்டி ஓடி, ஒரு டம்ளர் காபியைக் கையில் கொடுத்து, என்னவோ பேசி, தோளில் கைபோட்டு அழைத்து வந்தார். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் ஆளனுப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள் என்று மனசு குளிர்ந்தார்கள். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டாரே பெரிய மனசு பண்ணி ஆளனுப்பிச் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நெகிழ்ந்தார்கள். நாற்பது வருடமாக வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், ‘அன்னைக்கு இறங்கி வந்தது நீங்கதான்’ என்று இரண்டு பேரும் இதைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு பக்கமும் யாரும் அனுப்பலம்மா” என்றாள் மங்கை. “அவரு எங்கப்பா. உங்க கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை கெடையாது. கூப்பிடாமத்தான் வந்திருக்காரு.”

இதைச் சொல்ல அவளுக்கு ஐம்பது வயது ஆகியிருந்தது. சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள்.

விசாலாட்சி திரையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். “அப்ப அன்னைக்கு யாருமே எறங்கி வரல.”

“ஆமா. ரெண்டு பக்கமும் வெட்டி வீம்பு” என்று ஒப்புக்கொண்டார் தெய்வேந்திரன்.

“எங்க வீட்டு ஆளுன்னே போடும்மா. எனக்கு அண்ணன் மொறை” என்றார் விசாலாட்சி.

“அதெப்புடி? எங்க மாமனத்தான கூட்டியாந்தாரு. எங்க வீட்டு ஆளு. என் பேருல போடும்மா.”

நாற்பது வருடச் சண்டை தீர்ந்த இடத்திலேயே புதுச் சண்டை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் மங்கை இரண்டு பக்கமும் உறவு என்று பதிந்தாள். திரையில் பாயச வாளியின் பின்னாலிருந்து முதலில் ஒரு கை வந்தது, பிறகு ஜரிகைத் துண்டு, பிறகு சிரிப்பு. விசாலாட்சி அந்தக் காட்சியைத் தன் நாத்தனாருக்குத்தான் முதலில் அனுப்பினார்.

விசாலாட்சி அம்மாளிடம் ஒரு செய்தி போனால் அது மதுரைக்கே போன மாதிரி. சாயங்காலத்துக்குள் கூப்பிடாமல் வந்தவரின் கதை எல்லாக் குடும்பக் குழுக்களிலும் சுற்றியது. ஆளாளுக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது. தொலைந்த மோதிரத்தைக் குப்பையில் கிளறி எடுத்துக் கொடுத்தவர் இவர்தானே? மின்சாரம் போனபோது தாலி கட்டும்வரை விளக்கைத் தூக்கிப் பிடித்தவர் இவர்தானே? பதில்களை மாற்றி எழுதிக் குவித்தார்கள். சித்தப்பா என்றார்கள், ஒன்றுவிட்ட மாமா என்றார்கள். பெண் வீட்டாரும் கேட்டார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டார்கள். வியாழன் இரவுக்குள் நானூறு சொச்சம் கல்யாணங்களிலும் அவர் இரண்டு பக்கத்து உறவாகி, துண்டும் வாளியுமாகத் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தார். கறைப்பெட்டியில் ஒட்டியிருந்த படத்தை மட்டும் மங்கை தனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை கஞ்சன் வந்து பார்த்தபோது பெட்டியில் நிஜமான தூசிதான் இருந்தது. ‘பார்த்தேன், சரி’ பொத்தானை மங்கை மறுபடி வைத்தாள், முதல் ஆளாகத் தானே அங்கே உட்காரவும் ஆரம்பித்தாள்.

ஆனால் கூட்டுக்குடும்பம் அதோடு நிற்கவில்லை. சனிக்கிழமை காலை தஸ்தகீர் போன் செய்தார்.

“மேடம், மதுரையில இப்ப ஒரே ஒரு குடும்பம்தான் இருக்கு.”

நடந்தது இதுதான். பரங்குன்றம் எல்லா வீட்டுக்கும் உறவென்றால், எல்லா வீடும் ஒன்றுக்கொன்று உறவு என்று தரகர் கணக்குப் போட்டது. ஒரே குடும்பத்துக்கு எதற்கு இத்தனை பெட்டகம் என்று கஞ்சன் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டது. எந்தப் படமும் அழியவில்லை, தலைப்புகள் மட்டும் சேர்ந்துவிட்டன. இயக்குநர் மிச்சமான இடத்தின் அளவைப் பார்த்துவிட்டு, இரண்டாவது பொன்னாடைக்கு ஏற்பாடு செய்தார். ஊரில் கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பெரிய மனிதர் போன் செய்து, எங்களையும் இன்ன தெருக்காரர்களையும் சொந்தம் என்று காட்டுகிறதே, இது அடுக்குமா என்று சத்தம் போட்டார். மங்கை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“ஒரே ஒரு ஆளாலதான் சார் இப்படி ஆயிருச்சு. நீங்க சொன்னா அவர எடுத்துடலாம். உங்க மகள் கல்யாணத்துல பாயச வாளி தானா நடக்கும், பரவாயில்லையா?”

அவர் யோசித்துச் சொல்வதாகப் போனை வைத்தார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த மாதம் ‘அழைப்பு’ மென்பொருளையும் இணைத்தார்கள். முதல் முகூர்த்தத்திலேயே அது வேலையைக் காட்டியது. மங்கையின் போனில் வரிசையாகப் பத்திரிகைகள் வந்து விழுந்தன. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கிரகப்பிரவேசம், கல்யாணத்துக்கு மேல் கல்யாணம். எல்லாவற்றிலும் மேலே ஒரே பெயர். உயர்திரு. பரங்குன்றம் அவர்கள் குடும்பத்தார். ஆயுசு முழுக்க ஒரு பத்திரிகைக்கும் வழியில்லாத மனிதருக்கு இப்போது ஒரு முகூர்த்தத்துக்கு ஏழெட்டு வந்தது. மங்கை ஒவ்வொன்றையும் அம்மா அப்பா படத்துக்கு முன்னால் உரக்க வாசித்துக் காட்டினாள்.

மென்பொருள் அனுப்பியது போதாதென்று விசாலாட்சியும் தெய்வேந்திரனும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் வைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார்கள். கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம். விசாலாட்சி தன் வீட்டு முறைக்கு ஒரு பத்திரிகை வைத்தார். தெய்வேந்திரன் தன் வீட்டு முறைக்கு இன்னொன்று வைத்தார்.

மங்கை போனாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து எந்தக் கல்யாணத்துக்கும் ஆசையாகப் போனதில்லை. வாசலில் சந்தனம் கொடுத்தார்கள், முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். தாலி கட்டும்போது, யாரென்றே தெரியாத பெண்ணுக்காக அவளுக்குக் கண் நிறைந்தது. பந்திக்கும் கையைப் பிடித்து அழைத்துப்போய், இலைக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

பரிமாறுகிறவர் வரிசையின் அந்தக் கோடியில் யாரிடமோ பேசிக்கொண்டு நின்றுவிட்டார். இந்தக் கோடியில் ஒரு வயதான அம்மாள் அப்பளத்தை நொறுக்கி வைத்துக்கொண்டு பாயசத்துக்காகக் காத்திருந்தார். வாளி ஓரமாகச் சும்மா இருந்தது. மங்கை கைப்பையைத் தன் இலைக்கு முன்னாலிருந்த நாற்காலியில் வைத்தாள். பைக்குள் இரண்டு பத்திரிகைகளும் இருந்தன. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். “பொண்ணு வீடாம்மா, மாப்பிள்ளை வீடா?”

“இலை காலியா இருக்குல்ல, மொதல்ல அதப் பாப்போம்” என்றாள் மங்கை.

ஒரு கரண்டி ஊற்றியதும் அந்த அம்மாள் போதும் என்று கையை மறித்தார். மங்கை கொஞ்சம் பொறுத்திருந்து, கை விலகியதும் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.